தொழிலாளர் நடந்த பெருவழி



நம் சேலத்துக்கு வடக்கே, தருமபுரி மாவட்டத்தில், பழைய கல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அது கி.பி. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர் கல்வெட்டு அறிஞர். அதியமான் பெருவழி என்னும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் வழிப்போக்கருக்குத் தொலைவு காட்ட நாட்டிய கல் அது. நாவற்றாவளம் என்னும் ஊர் அங்கிருந்து 29 காதம் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். எழுத்தோடு அவர்கள் நிற்கவில்லை. பக்கத்தில் இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் குடைந்து வைத்தார்கள். பெரிய குழி பத்து; சிறிய குழி ஒன்று. எழுத்தறியாத வண்டிக்காரனும், இருளில் மூட்டை சுமந்து வருகிறவனும் கையால் தடவித் தொலைவை அறிந்துகொள்ளலாம்.

வரலாற்று ஆசிரியனாக நான் பணியாற்றிய காலத்தில் இந்தக் கல்லைப் பற்றிச் சொல்லாமல் ஓர் ஆண்டும் கழிந்ததில்லை. கற்றோருக்கும் கல்லாதோருக்கும் ஒருங்கே பயன்பட வேண்டும் என்று எண்ணிய அந்தச் சிற்பியின் உள்ளம் எவ்வளவு உயர்ந்தது!

இன்று நான் பேசப்போவதும் ஒரு பெருவழியைப் பற்றியே. அவ்வழியில் நாட்டப்பெற்ற மைல்கற்களைப் பற்றியே. தொழிலாளர் இயக்கம் நடந்துவந்த வழி அது. அந்த இயக்கம் என்றதும் உங்களுக்குக் கூலி உயர்வும் கொடியும் ஊர்வலமும் நினைவுக்கு வரலாம். அவையெல்லாம் உண்டு. ஆயினும் அவ்வரலாற்றைப் படிக்கப் படிக்க என் உள்ளத்தில் ஒரு கருத்து உறுதிப்பட்டது. தொழிலாளர் கேட்டவற்றுள் தலையாயது நேரம். உயர்த்திய கூலியை விலைவாசி தின்றுவிடும். மீட்ட ஒரு மணி நேரத்தை எந்த விலைவாசியும் தின்னாது. அந்த மணி நேரத்தில் ஒரு தந்தை தன் குழந்தையின் முகத்தைப் பார்க்கலாம். ஒரு தாய் கண்ணயரலாம். ஒரு சிறுவன் படிக்கலாம்.

உழவனுக்கு ஞாயிறு ஒரு கடிகாரம். பொழுது சாய்ந்தால் ஏரை அவிழ்த்துவிட வேண்டியதுதான். ஆலை வந்தபோது அந்தக் கடிகாரம் உடைந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய் ஆலைகளில் மின் விளக்கு வந்ததும் வேலை நேரம் ஒரு நாளைக்குச் சில இடங்களில் 15 மணி வரை நீண்டது. விளக்கு அறியாமையை நீக்கும் என்று நாம் பாடம் சொல்கிறோம். அதே விளக்கு மனிதனின் உறக்கத்தையும் பறித்ததென்பது வரலாறு.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பள்ளி இல்லை. அது இயற்கையாக வந்த விடுமுறை என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு அது இயற்கையாக வரவில்லை. நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் 1884-ஆம் ஆண்டில் தொழிலாளரைக் கூட்டி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார். விண்ணப்பங்களும் கூட்டங்களும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. 1890-ஆம் ஆண்டில்தான் ஆலை முதலாளிகள் இசைந்தனர். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு ஆண்டுகள்! இந்தியத் தொழிலாளர் பெருவழியில் முதற்கற்களுள் ஒன்று அது.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். தூத்துக்குடியில் கோரல் ஆலை என்ற நூற்பாலை இருந்தது. அங்கே தொழிலாளர் வைகறையில் நுழைந்து இருட்டிய பின் வெளிவந்தனர். வார விடுமுறை இல்லை. கூலியோ மிகக் குறைவு. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்கு ஊக்கமூட்டி நின்றவர்கள் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். கப்பலோட்டியவர் என்று வ.உ.சி.யை நாம் போற்றுகிறோம். ஆலைத் தொழிலாளியின் பசியையும் அறிந்தவர் அவர் என்பதை மறந்துவிடுகிறோம். ஊர் மக்கள் வேலைநிறுத்தக்காரருக்கு உணவுக்கு வழி செய்தனர். ஏறத்தாழ ஒன்பது நாளில் நிருவாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறையாயிற்று. அந்த வெற்றியின் ஈரம் உலருமுன் மார்ச் 12-ஆம் நாள் தலைவர் இருவரும் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாய்ந்தனர்.

சுப்பிரமணிய சிவா சிறையிலிருந்து தொழுநோயோடு வெளிவந்தார். அவர் தம் இறுதி நாட்களைக் கழித்த இடம் எது தெரியுமா? பாப்பாரப்பட்டி. இன்று அது தருமபுரி மாவட்டம்; 1965 வரை நம் சேலம் மாவட்டம். 1925-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் அவர் அங்கே கண்மூடினார். தூத்துக்குடித் தொழிலாளருக்கு ஞாயிற்றுக்கிழமையைப் பெற்றுத்தர உழைத்தவர் நம் மண்ணில் உறங்குகிறார். அவ்வழியே செல்லும்போது சற்றே நின்று செல்லுங்கள்.

அடுத்த கல் சென்னைப் பெரம்பூரில் இருக்கிறது. இக்கல்லின் அருகே நாம் சற்று நெடுநேரம் நிற்க வேண்டும். பெரம்பூரில் பக்கிங்காம் ஆலை, கர்நாடிக் ஆலை என்ற இரண்டு பெரிய துணி ஆலைகள் இருந்தன. மக்கள் அவற்றை பின்னி ஆலை என்றே வழங்கினர். ஆயிரக்கணக்கானோர் அங்கே உழைத்தனர். நண்பகல் உணவுக்கு அவர்களுக்குக் கிடைத்த இடைவேளை அரை மணி. அரை மணி போதாதா என்று உங்களுக்குத் தோன்றும். எண்ணிப் பாருங்கள். இயந்திரத்தை விட்டு நீங்கி, கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்து, கை கால் கழுவ இடம் தேடி, வீட்டிலிருந்து வந்த சோற்றைக் கண்டுபிடித்து, உட்கார்ந்து உண்டு, மறுபடியும் வாயிலுக்கு ஓட வேண்டும். பிந்தியவனுக்குக் கதவு அடைபடும், கூலி குறையும். உண்ட சோறு தொண்டையை விட்டு இறங்குமுன் சங்கு ஊதிவிடும்.

அப்பகுதியில் செல்வபதிச் செட்டியார், இராமானுஜுலு நாயுடு என்ற இரண்டு வணிகர் இருந்தனர். தொழிலாளர் தம்மிடம் வந்து சொல்லும் குறைகளை அவர்கள் நாள்தோறும் கேட்டனர். ‘நமக்கென்ன’ என்று தராசைப் பிடித்துக்கொண்டு அவர்கள் இருந்துவிடவில்லை. அன்னி பெசன்ட் அம்மையாரோடு பணியாற்றிவந்த பி.பி. வாடியாவிடம் சென்றனர். வாடியா பம்பாயில் பிறந்த பார்சி இனத்தவர்; தமிழ் அறியாதவர். தமிழறிந்த துணையாக வந்தவர் திரு.வி. கலியாணசுந்தரனார். நம் திரு.வி.க. இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். தம் வகுப்பறையை விட்டுத் தொழிலாளர் மேடைக்கு வந்த அந்த ஆசிரியரை நினைக்கும்போது ஆசிரியனாகிய எனக்கு ஒரு பெருமிதம் உண்டாகிறது.

1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். அந்த வணிகர் இருவரும் செயலாளர்கள். உறுப்பினரைச் சேர்த்து, சந்தா திரட்டி, ஒழுங்காக நடந்த முதல் இந்தியத் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் இதனைக் குறிப்பர். இத்தனை பெருமை வாய்ந்த சங்கம் முதலில் கேட்டுப் பெற்றது என்ன? அரை மணி இடைவேளை 40 நிமிடமாயிற்று. பத்து நிமிடம்! சிரிக்காதீர்கள். ஒரு மனிதன் விழுங்காமல் மென்று உண்ணத் தேவையான பத்து நிமிடம் அது. இந்தியத் தொழிற்சங்க வரலாறு அந்தப் பத்து நிமிடத்தில் பிறந்தது என்று நான் சொல்லுவேன்.

அதே 1918-இல் மதுரை ஆலைத் தொழிலாளருக்குப் பரிந்து பேசியதற்காக ஒருவர் மீது அரசு வழக்குத் தொடுத்தது. அவர் டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு, நம் இராசிபுரத்தில் பிறந்தவர். அவருக்காக வழக்காடியவர் அந்நாளில் சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி. ஆகவே இந்தப் பெருவழி நம் ஊர்களைத் தொடாமல் சென்றதன்று.

நிற்க. எந்த வழியும் முழுதும் சமமாக இராது. 1920-ஆம் ஆண்டின் இறுதியில் பின்னி ஆலையில் கதவடைப்பு நேர்ந்தது. டிசம்பர் 9-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது, இருவர் உயிரிழந்தனர். நிறுவனத்தார் வாடியா முதலியோர் மீது உயர்நீதிமன்றத்தில் வழக்கிட்டனர். வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டினர் என்பது குற்றச்சாட்டு. சங்கத்தினரைத் தடுத்து நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. இங்கிலாந்தில் தொழிற்சங்கத்துக்கு 1906 முதல் சட்டப் பாதுகாப்பு இருந்தது. அதே இங்கிலாந்து ஆண்ட இந்தியாவில் இல்லை. முடிவில் வாடியா தொழிலாளர் இயக்கத்தை விட்டு விலக நேர்ந்தது, வழக்கும் நின்றது.

தோல்விதானே என்பீர்கள். அந்தத் தோல்வியே ஒரு கல்லாக நின்றது. சங்கம் அமைப்பதே குற்றம் போல் ஆகிவிடுமானால் தொழிலாளர் யாரிடம் செல்வர் என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. 1921-இல் என்.எம். ஜோஷி, தொழிற்சங்கங்களைப் பதிவு செய்து பாதுகாக்கச் சட்டம் வேண்டும் என்று மத்தியச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. 1927 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பெரம்பூரில் தடுக்கப்பட்ட கால்கள் நாடு முழுவதற்கும் ஒரு பாதையைத் திறந்துவிட்டன.

அதே பெரம்பூர் நமக்கு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. அதை மறைத்துவிட்டு இனியவற்றை மட்டும் சொல்வது ஆசிரியன் அறமன்று. 1921-இல் மீண்டும் நெடிய வேலைநிறுத்தம் நடந்தபோது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். அவர்களுடைய அச்சங்களையும் தேவைகளையும் சங்கம் தன்னுடையவையாகக் கருதி அவர்தம் நம்பிக்கையை முன்னரே பெற்றிருக்கவில்லை. ஒரே ஆலையில் நின்றவர்கள் சாதியால் இரு கூறாயினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. வேலைநிறுத்தம் தோற்றது, சங்கம் பல ஆண்டுகள் நலிந்து கிடந்தது. ஒரு தறியில் பாவு நூலும் ஊடு நூலும் தனித்தனியே கிடந்தால் துணி ஆகுமா? உழைப்பால் ஒன்றுபட்டவர்கள் பிறப்பால் பிரிந்தால் வெல்லுவது எளிதன்று என்பதை அந்த ஆண்டு நமக்குக் கற்பித்தது.

இப்போது கடல் கடந்து ஒரு நகரத்துக்குச் செல்வோம். அமெரிக்க நாட்டுச் சிகாகோ. 1886-ஆம் ஆண்டு மே முதல் நாள் அந்நாடெங்கும் இலட்சக்கணக்கான தொழிலாளர் எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். ஒரு நாளை மூன்று கூறாக்கி, ஒரு கூறு உழைப்புக்கு, ஒரு கூறு உறக்கத்துக்கு, ஒரு கூறு தமக்கு என்று அவர்கள் கேட்டனர். மே 4-ஆம் நாள் வைக்கோற் சந்தை என்னும் பொருள்படும் ஹே மார்க்கெட் திடலில் கூட்டம் கலையும் வேளையில் யாரோ வெடிகுண்டு வீசினர். காவலர் சுட்டனர். இரு பக்கத்திலும் உயிர்கள் போயின. குண்டை எறிந்தவன் யாரென்று கடைசி வரை தெளியவில்லை. ஆயினும் எண்மர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 1887 நவம்பர் 11-ஆம் நாள் நால்வர் தூக்கிலிடப்பட்டனர்; ஒருவர் முதல் நாளே சிறையறையில் மாண்டார். எஞ்சிய மூவரை 1893-இல் இல்லினாய் மாநில ஆளுநர் ஆல்ட்கெல்டு, விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்று கூறி விடுவித்தார். வாரத்தின் வேலை நேரத்துக்கு அமெரிக்கா முழுவதற்குமான வரம்பு 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே 52 ஆண்டுகள். இடையில் ஒரு தலைமுறை பிறந்து, உழைத்து, முதுமை அடைந்துவிட்டது.

1889-இல் பாரிசில் கூடிய உலகத் தொழிலாளர் பேராளர் மே முதல் நாளை எட்டு மணி நேர வேலைக்காகக் குரல் கொடுக்கும் நாளாக அறிவித்தனர். அந்நாளை இந்தியாவில் முதன்முதலாகக் கொண்டாடிய நகரம் சென்னை. 1923-ஆம் ஆண்டு மே முதல் நாள் உயர்நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டங்கள் நடந்தன. நடத்தியவர் ம. சிங்காரவேலர். மீனவர் குலத்தில் பிறந்து வழக்கறிஞராகி, ஒத்துழையாமை இயக்கத்தில் அத்தொழிலைத் துறந்தவர். அப்போது அவருக்கு வயது 63. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு திண்ணையில் அமரும் வயது என்று நாமெல்லாம் கருதும் வயதில் அவர் ஒரு புதிய வழியைத் தொடங்கினார்.

இப்படிப் பலர் நடந்த நடையால் சட்டம் அடியடியாக அசைந்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் துணி ஆலைகளில் வளர்ந்த ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி என்று வரம்பு கட்டியது. 1922-இல் அது 11 மணி, வாரத்துக்கு 60 மணி ஆயிற்று. 1934-இல், ஆண்டு முழுதும் நடக்கும் ஆலைகளுக்கு, நாளொன்றுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி ஆயிற்று. வைஸ்ராயின் நிருவாகக் குழுவில் டாக்டர் அம்பேத்கர் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தபோது கொண்டுவந்த திருத்தத்தால் 1946-இல் வாரத்துக்கு 48 மணி என்பது சட்டமாயிற்று. விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அவ்வரம்பை நிலைப்படுத்தி, கழிப்பிடம், குடிநீர், காற்றோட்டம், மிகை நேர வேலைக்கு இரட்டைக் கூலி ஆகியவற்றையும் வகுத்தது. இந்த எண்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யாதீர்கள். 60-லிருந்து 48-ஐக் கழியுங்கள். கிடைக்கும் 12 மணி நேரம் வாரந்தோறும் ஒரு குடும்பத்துக்குத் திரும்பி வந்த தந்தை என்று எண்ணிப் பாருங்கள்.

ஆலைக்கு வெளியே இருந்தவர் கதை வேறு. வயலில் உழைத்தவருக்குச் சங்கும் இல்லை, சட்டமும் எட்டவில்லை. தஞ்சைத் தரணியில் உழவுத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகச் சேர்ந்தபோது, 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் அவர்களுடைய குடும்பத்தினர் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இக்கல்லைக் கடக்கும்போது சொல்லின்றி நிற்பதே முறை.

இனி நம் ஊருக்கே வருவோம். சேலம், நாமக்கல் சமவெளியில் நின்று பாருங்கள். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். நாமக்கல்லில் லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகள். பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோட்டுப் பக்கம் விசைத்தறிக் கூடங்கள். பெரிய ஆலை வாயிலும் ஆயிரம் பேர் கூடும் திடலும் இங்கே மிகுதியாக இல்லை. நான்கு தறி ஓரிடம், எட்டுத் தறி ஓரிடம். தொழில் சிதறிக் கிடக்கும் இடத்தில் தொழிலாளரும் சிதறிக் கிடப்பர். ஆகவேதான் பெரம்பூரில் 1918-இல் கேட்ட கேள்வியை நம் ஊர்களில் பின்னும் பல்லாண்டுகள் கேட்க வேண்டியிருந்தது.

இதை நான் நூலிலிருந்து சொல்லவில்லை. என் வாழ்வில் ஒன்று நிகழ்ந்தது. அதைச் சொல்ல எனக்கு நாணமுண்டு. ஆயினும் சொல்ல வேண்டும்.

1990-களில் காவிரிக்கரையை அடுத்த ஓர் ஊர்ப் பள்ளியில் நான் ஆசிரியனாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன். முதல் பாடவேளையிலேயே தலை சாயும். பெயரைச் சொல்லி அழைப்பேன், திடுக்கிட்டு எழுவான், மறுபடியும் சாய்வான். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கவனமின்மைக்குக் காரணங்கள் பத்துப் பன்னிரண்டு படித்திருந்தேன். அன்று அவற்றுள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சோம்பேறி என்று முடிவு கட்டினேன். வகுப்புக்கு வெளியே நிற்கச் சொன்னேன். ஒரு நாளன்று, பல நாள்.

ஒரு மாதம் கழித்து அவன் பள்ளிக்கே வரவில்லை. ஒரு மாலை அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். தெரு முனையிலேயே தறிச் சத்தம் காதை அடைத்தது. அவனுடைய தந்தையார் நோயுற்றுப் படுத்திருந்தார். மகள் திருமணத்துக்காகத் தறிக்கூடத்துக்காரரிடம் அவர் முன்பணம் வாங்கியிருந்தார். ஊரார் வழக்கில் அட்வான்ஸ். அது தீரும் வரையில் வேறு கூடத்துக்கு மாற இயலாது. படுத்தாலும் தறி நிற்கலாகாது. ஆதலின் இரவு ஷிப்டில் பையன் நின்றான். இரவு எட்டு மணிக்குத் தொடங்கிக் காலை வரை நாடா மாற்றுவான்; அறுந்த இழையை முடிவான்; விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு என் வகுப்புக்கு வருவான். இது மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. நான் அறிந்திருக்கவில்லை.

தறிக்கூடத்துக்காரரையும் பார்த்துப் பேசினேன். கொடியவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். அவரும் நூல் வியாபாரிக்குக் கடன்பட்டிருந்தார். “நான் விட்டாலும் கடன் விடாதுங்க சார்” என்றார். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலைத் தடுக்கும் சட்டம் 1986-இல் வந்தது. தொழிற்சாலைச் சட்டமோ எனக்கு மனப்பாடம். ஆயினும் அந்தத் தெருவில் நின்றபோது சட்டம் நூலில் இருந்தது. தறி வீட்டில் இருந்தது. பையன் பள்ளிக்குத் திரும்பவில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஈரோட்டுப் பேருந்து நிலையத்தில் ஒருவர் என்னை அடையாளம் கண்டு கும்பிட்டார். அவனேதான். தன் மகளை மேனிலைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வருவதாகச் சொன்னான். நான் பழைய நாளை நினைவூட்டி, அறியாமல் தண்டித்துவிட்டேன் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, “அட விடுங்க சார். வெளிய நிக்க வெச்சீங்கல்ல, நின்னுக்கிட்டே தூங்குனனுங்க” என்றான். அந்தச் சிரிப்பு இன்னும் என்னை உறங்கவிடுவதில்லை.

நண்பர்களே, பெரம்பூர்த் தொழிலாளி பத்து நிமிடம் கேட்டது ஏன் என்று அன்றுதான் எனக்கு முழுதும் விளங்கியது. அதுவரை நான் அவ்வரலாற்றை நடத்தினேன்; அன்று அதைக் கற்றேன்.

வழி இன்னும் முடியவில்லை. ஒழுங்கு செய்யப்படாத தொழில்களில் உள்ளோருக்காக 1982-இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் வழியாக நலவாரியங்கள் அமைந்தன. கடைகளில் நாள் முழுதும் நின்றே பணிபுரிந்த விற்பனைப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் உட்கார இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டம் செய்தன. ஒரு நாற்காலியில் உட்காரும் உரிமைக்கு 21-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது! 2023 ஏப்ரலில் வேலை நேர விதிகளைத் தளர்த்தி, 12 மணி நேர வேலைக்கு இடந்தரும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் பல கட்சிகளும் எதிர்க்கவே, அவ்வாண்டு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கிய புதிய சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. சிதறிய சட்டங்கள் ஒழுங்குபட்டன என்பார் சிலர். பெற்ற உரிமைகள் சில தளர்ந்தன என்பார் தொழிற்சங்கத்தார். இரு பக்கத்து வாதங்களையும் நீங்களே படித்து ஆராயுங்கள். ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தச் சட்டம் உழைப்பவனுக்கு நேரத்தைத் தருகிறதா, அவனிடமிருந்து நேரத்தை எடுக்கிறதா?

இறுதியாக உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். உங்கள் வகுப்பில் தலை சாய்ந்து உறங்கும் தோழன் ஒருவன் இருப்பான். அவனைப் பார்த்துச் சிரிக்குமுன், நேற்றிரவு எங்கே இருந்தாய் என்று அன்போடு கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது. மற்றொன்று, நீங்கள் நாளை பட்டறையோ கடையோ தறிக்கூடமோ நடத்தும் நிலைக்கு உயரலாம். அப்போது உங்களிடம் பணிபுரிகிறவருடைய உணவு வேளையைக் கடிகாரத்தைப் பார்த்து அளக்காதீர்கள். உங்கள் வீட்டு உணவு வேளையை நினைத்து அளந்து கொடுங்கள்.

அதியமான் பெருவழியில் கல் நாட்டியவன் எழுத்துக்குப் பக்கத்தில் குழியும் குடைந்தான். நம் சட்டங்கள் எழுத்தில் இருக்கின்றன. பள்ளிபாளையத்துத் தறிக்கூடத்தில் நள்ளிரவில் நிற்கும் ஒருவன் அவற்றைப் படிக்க மாட்டான். விளக்கணைத்து வீட்டுக்குப் போகும் வேளையாக, உட்கார்ந்து உண்ணும் இடைவேளையாக, பிள்ளையோடு கழிக்கும் ஞாயிற்றுக்கிழமையாகத் தடவிப் பார்த்தே அவன் சட்டத்தை அறிவான். அவன் கைக்கு எட்டும் குழிகளைக் குடைவது படித்தவர்களாகிய உங்கள் கடமை.